யதார்த்த ஓவியத்தில் குறியீடு எங்கே இருக்கிறது?

கேள்வி இது: இன்றைய யதார்த்த ஓவியர்கள் ஒரு வாஷ்பேசினையோ, மரத்தில் தொங்கும் பழத்தையோ, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பெண்ணையோ வரைகிறார்கள். இதில் குறியீடு என்று ஏதாவது உண்டா? உண்டென்றால் அதை எப்படிப் படிப்பது? இல்லையென்றால், எல்லோர் கையிலும் கேமரா இருக்கும் காலத்தில் இவ்வளவு பாடுபட்டு ஏன் வரைய வேண்டும்?

உண்டு என்பதுதான் என் பதில். ஆனால் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் அது இல்லை. பொருளுக்குள் அர்த்தம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்துத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். இன்றைய நல்ல யதார்த்த ஓவியத்தில் அர்த்தம் பெரும்பாலும் அந்தப் பொருள் பார்க்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. எங்கே நின்று பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு நெருங்கிப் பார்த்தார் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு சாதாரண வாஷ்பேசினைக் குறியீடாக்குகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பொருளுக்கு அர்த்தம் தேடும் பழக்கம் நமக்குப் பழைய ஐரோப்பிய ஓவியங்களிலிருந்து வந்தது. யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஓர் அறை, கைகோத்து நிற்கும் ஆணும் பெண்ணும், காலடியில் நாய், கழற்றிப் போட்ட மரச்செருப்பு, பகல் வெளிச்சத்திலும் எரியும் ஒற்றை மெழுகுவர்த்தி. எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் 1934-இல் எழுதிய கட்டுரையில் இவற்றுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் கொடுத்தார். நாய் என்றால் விசுவாசம், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் காணும் இறைவன், கழற்றிய செருப்பு அந்த இடத்தின் புனிதம். சாதாரணப் பொருளாக வேடம் போட்டுக்கொண்டு குறியீடுகள் உட்கார்ந்திருக்கின்றன என்பது அவர் வாதம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதில் பலவற்றை மறுத்துவிட்டார்கள். ஆனால் ஓவியம் என்றால் விடுகதை, அதை அவிழ்ப்பதுதான் பார்வையாளரின் வேலை என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அதே ஓவியத்தில் பின்சுவரில் ஒரு குவிந்த கண்ணாடி தொங்குகிறது. அதில் தம்பதியின் முதுகு தெரிகிறது, எதிர் வாசலில் நிற்கும் இரண்டு பேர் தெரிகிறார்கள். அந்த இடத்தில்தான் ஓவியத்தைப் பார்க்கும் நாமும் நிற்கிறோம். கண்ணாடிக்கு மேலே சுவரில் லத்தீனில் ஒரு வரி: 'யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434.' நாயையும் செருப்பையும்விட எனக்கு இந்த வரியும் கண்ணாடியும்தான் முக்கியமாகப் படுகின்றன. ஓர் ஆள் இந்த இடத்தில் இருந்து இதைப் பார்த்தார் என்று ஓவியமே சாட்சி சொல்கிறது. இன்றைய யதார்த்த ஓவியம் பனோஃப்ஸ்கியின் மெழுகுவர்த்தியிலிருந்து கிளம்பவில்லை, இந்தச் சாட்சியத்திலிருந்து கிளம்புகிறது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். வான் ஐக்குக்கும் அவர் ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கும் பொதுவாக ஒரு வேதம் இருந்தது, பொதுவான சடங்குகள் இருந்தன. அப்படி ஒரு பொது அகராதி இன்று ஓவியருக்கும் பார்வையாளருக்கும் நடுவில் கிடையாது. பழைய முறையில் குறியீடு வைக்க விரும்பும் ஓவியர், இதோ வைக்கிறேன் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டுத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

ஆட்ரி ஃப்ளாக் அப்படிச் செய்தார். 1976-77-இல் அவர் வரைந்த 'இரண்டாம் உலகப் போர்' ஓவியத்தின் தலைப்பிலேயே 'வானிடாஸ்' என்ற சொல் இருக்கிறது. வாழ்வின் நிலையாமையைச் சொல்லும் பழைய டச்சு ஓவிய வகையின் பெயர் அது. ஆளுயரத்தை மிஞ்சும் கான்வாஸில் சிவப்பு மெழுகுவர்த்தி, ரோஜா, முத்துமாலை, பாக்கெட் கடிகாரம், பட்டாம்பூச்சி, வெள்ளித் தட்டில் மினுமினுக்கும் குட்டிக் கேக்குகள். இவற்றுக்கு நடுவே, 1945 ஏப்ரலில் புகன்வால்ட் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது மார்கரெட் பர்க்-வைட் எடுத்த புகைப்படம். கம்பிவேலிக்குப் பின்னால் நின்று கைதிகள் பார்க்கிறார்கள். மெழுகுவர்த்தி நினைவேந்தல், கடிகாரம் ஓடும் காலம் என்று அகராதியை வைத்துப் படித்துவிடலாம். ஃப்ளாக்கே அதைத்தான் விரும்பினார். ஆனால் அந்த ஓவியம் நம்மைக் குத்துவது வேறு இடத்தில். கேக்கின் மேலே இருக்கும் பளபளப்பு அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு பெரிதாக இருக்கிறது. நம் கண் முதலில் இனிப்புக்குப் போய்விட்டு, அப்புறம்தான் கைதிகளின் முகத்துக்கு வருகிறது. அந்த வரிசையைக் கவனித்ததும் நமக்கு வரும் சங்கடம்தான் ஓவியத்தின் அர்த்தம். அதை எந்தக் குறியீட்டு அகராதியும் சொல்லித்தராது.

2018-இல் கெஹிண்டே வைலி வரைந்த பராக் ஒபாமா உருவப்படத்திலும் இப்படிப்பட்ட குறியீடுகள் உண்டு. பின்னணியில் அடர்ந்த பச்சை இலைகளுக்கு நடுவே சிகாகோவுக்காகச் செவ்வந்தி, ஹவாய்க்காக மல்லிகை, கென்யாவுக்காக ஆப்பிரிக்க நீல லில்லி. பக்கத்தில் விளக்கக் குறிப்பு இல்லையென்றால் இவை நமக்கு வெறும் பூக்கள். குறிப்பே இல்லாமலும் பேசுவது, நாற்காலியின் விளிம்புக்கு வந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, முன்னால் குனிந்து நம்மைப் பார்க்கும் அந்தப் பார்வைதான்.

எதிர்த் துருவத்தில் ஃபிலிப் பேர்ல்ஸ்டீன் இருக்கிறார். நிர்வாண மாடல்களைப் பழைய பொம்மைகள், காற்றுத்திசை காட்டிகள், கண்ணாடிகள், விரிப்புகள் ஆகியவற்றுக்கு நடுவே உட்கார வைத்துப் பல பத்தாண்டுகள் நேரில் பார்த்து வரைந்தவர். கான்வாஸின் விளிம்பு மாடலின் தலையையே வெட்டிக்கொண்டு போகும்; கவலைப்பட மாட்டார். இதில் கதையும் கிடையாது, குறியீடும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை முழுதாக நம்பிவிட வேண்டாம் என்பேன். தலை வெட்டுப்பட்ட உடலும் அதன் பக்கத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் பொம்மையும் ஒரே கவனத்தோடு வரையப்படும்போது, மனித உடலும் பொம்மையும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன. அவர் அர்த்தத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அவர் பார்த்த விதத்தின் வழியாக அது உள்ளே வந்துவிட்டது.

சரி, பார்த்த விதம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, அது ஓவியத்தில் எப்படித் தெரியும்? இதற்கு ஸ்பெயினின் ஆன்டோனியோ லோபெஸ் கார்சியாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1936-இல் பிறந்தவர். 1967-இல் அவர் வரைந்த 'வாஷ்பேசினும் கண்ணாடியும்' ஓவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே கண்ணாடி, அதன் கீழே சவரச் சாமான்களும் சீப்பும் வைத்த சின்னத் தட்டு, சுற்றிலும் வெள்ளை டைல்ஸ். கீழே வாஷ்பேசின். முதல் பார்வையில் அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் நின்றால் ஓர் இடறல் தெரியும். கண்ணாடியும் தட்டும் நேருக்கு நேர் பார்த்தவை. வாஷ்பேசின் மேலேயிருந்து குனிந்து பார்த்தது. இரண்டு பார்வைகளும் ஓவியத்தின் நடுவே ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் சந்திக்கின்றன. டைல்ஸ் கோடுகளில் அந்த ஒட்டு அப்படியே தெரிகிறது. லோபெஸ் அதை மறைக்க முயலவில்லை. உண்மையில் நாமும் கண்ணாடி முன் இப்படித்தான் நிற்கிறோம். முகம் பார்க்கும்போது வாஷ்பேசின் கண்ணுக்குச் சரியாகப் படாது. குழாயைத் திறக்கத் தலையைக் குனிய வேண்டும். கேமராவாக இருந்தால் அகலமான லென்ஸைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் பிடித்துவிடும். லோபெஸ் தலை நிமிர்ந்த கணத்தையும் குனிந்த கணத்தையும் இரண்டாகவே வைத்துவிட்டார். ஆக, அந்த ஒட்டுக்கோட்டில் ஒரு மனிதனின் கழுத்து அசைந்திருக்கிறது.

இப்போது கண்ணாடியைப் பாருங்கள். நேருக்கு நேர் நின்று பார்க்கும் கண்ணாடி. அதில் ஓவியரின் முகம் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை. யாருமே இல்லை. பழைய அகராதியில் கண்ணாடி என்றால் தற்பெருமை, வீண் அழகு. இங்கே அந்த அர்த்தம் ஒட்டவே ஒட்டாது. தினமும் ஒருவர் தன் முகத்தைப் பார்க்கும் இடம் இது, அவர் பொருள்கள் அத்தனையும் இருக்கின்றன, அவர் மட்டும் இல்லை. இதற்கு முன்னால் நிற்கும் நாமும் இல்லை. இந்த வெறுமையை லோபெஸ் எந்தப் பொருளைச் சேர்த்தும் உண்டாக்கவில்லை. பார்க்கிறவரின் இடத்தைத் துல்லியமாகக் குறித்துவிட்டு, பார்க்கிறவரை எடுத்துவிட்டார். நான் சொல்லும் குறியீடு இதுதான்.

பார்வையை இப்படிப் பகுத்துக் காட்டியவர் லோபெஸ் மட்டுமில்லை. இங்கிலாந்தின் யூவன் அக்லோ 1967-இல் நிற்கும் ஒரு பெண்ணுருவத்தை, கண்ணை 12 வெவ்வேறு உயரங்களில் சம இடைவெளியில் நிறுத்தி நிறுத்தி வரைந்தார். பாதத்தைப் பார்க்கும்போது கண் பாதத்தின் மட்டத்தில், தோளைப் பார்க்கும்போது தோள் மட்டத்தில். ராக்ஸ்ட்ரா டவுன்ஸ் வெளியிடங்களில் நின்று அகலமான நிலக்காட்சிகளை வரைபவர். அவர் ஓவியங்களில் நேரான சாலையும் அடிவானமும் வளைந்து போகும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவருக்கு அப்படித்தான் வளையும்.

அடுத்தது நேரம். லோபெஸ் மாட்ரிட் நகரத்தின் கிரான் வீயா சாலையை 1974-இல் வரையத் தொடங்கி 1981-இல் முடித்தார். கோடைக்கால விடியலில் கொஞ்ச நேரமே நிற்கும் வெளிச்சம் அது. அது போனதும் அன்றைய வேலை முடிந்துவிடும். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். பரபரப்பான அந்தச் சாலையில் ஓர் ஆளோ வண்டியோ இல்லை. தனிமை என்று அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒன்றை யோசிக்கலாம்: ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கு எது மிஞ்சும்? கடந்துபோகும் எதுவும் மிஞ்சாது. கல்லும் வெளிச்சமும்தான் மிஞ்சும்.

1990 இலையுதிர் காலத்தில் தன் வீட்டு முற்றத்தில் இருந்த சீமைமாதுளை மரத்தை அவர் வரைய முயன்றதை விக்டர் எரிஸே திரைப்படமாக எடுத்தார், 1992-இல் வெளிவந்தது. மரத்தின் முன்னால் தூக்குக்குண்டு நூல் கட்டுகிறார். கால் வைக்கும் இடம் மாறாமல் இருக்கத் தரையில் ஆணி அடிக்கிறார். இலையிலும் பழத்திலும் வெள்ளை வண்ணத்தால் குறி போடுகிறார். பழம் கனத்துத் தொங்கத் தொங்க, குறிகள் கீழே இறங்கிக்கொண்டே போகின்றன. மழை வருகிறது, வெளிச்சம் தங்க மறுக்கிறது. வண்ண ஓவியத்தைக் கைவிட்டுப் பென்சிலுக்கு மாறுகிறார். அதையும் முடிப்பதற்குள் பழங்கள் விழுந்துவிடுகின்றன. அழுகும் பழம் பழைய டச்சு ஓவியத்தில் மரணத்தின் குறியீடு. லோபெஸ் அப்படி எதையும் வைக்கவில்லை. ஒரு பழத்தை உள்ளது உள்ளபடி பார்க்கத்தான் முயன்றார். பார்க்கப் பார்க்க அது பழுத்து விழுந்தது.

லூசியன் ஃப்ராய்ட் விஷயத்திலும் இதே நேரக் கணக்குதான். 2002-இல் சக ஓவியர் டேவிட் ஹாக்னி அவருக்கு மாடலாக நூறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். அத்தனை மணி நேரம் ஒரு முகம் பாவனை பிடித்து வைத்திருக்க முடியாது. சிரிப்பு கலைந்துவிடும், மிடுக்கு தளர்ந்துவிடும், தூக்கம் வரும். ஃப்ராய்டின் ஆட்கள் பாரமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'கந்தல்களின் அருகே நின்றபடி' என்ற 1988-89 ஓவியத்தில் ஒரு பெண்ணுடல் பெரிய துணிக்குவியலில் சாய்ந்திருக்கிறது. தூரிகை துடைப்பதற்காக ஃப்ராய்ட் அறையில் குவித்து வைத்திருந்த துணிகள் அவை. குறியீட்டுக்காகக் கொண்டுவந்தவை அல்ல. ஆனால் ஒவ்வொரு மடிப்பும் தோல் அளவுக்கே கவனத்தோடு வரையப்பட்ட பிறகு அந்தத் துணிக்குவியல் வெறும் பின்னணியாக இருப்பதில்லை. உடலும் ஒருநாள் துவண்டு விழும் துணிதான் என்று தோன்றிவிடுகிறது. எனக்குத் தோன்றுகிறது, உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றலாம். துணியை அவர் அவ்வளவு நேரம் பார்த்திருக்காவிட்டால் இருவருக்கும் எதுவுமே தோன்றியிருக்காது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த, 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி என்று தெரிந்தது. நடுமதிப்பு 17 விநாடிதான், அதாவது ஏறக்குறைய பாதிப் பார்வைகள் அதற்குள் முடிந்துவிட்டன. ஏழு ஆண்டு பார்த்ததை 17 விநாடியில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறோம். அந்த அவசரத்தில் கைக்கு எட்டுவது பொருள்களின் பெயர் மட்டுமே, அதனால்தான் 'இது எதன் குறியீடு' என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது.

இங்கே நியாயமாக ஒரு மறுப்பு வரும். புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்வை கேமராவின் பார்வைதானே? ஆமாம், அந்தக் கேமராப் பார்வையையே அவர்களில் சிறந்தவர்கள் விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். சக் க்ளோஸ் 1967-68-இல் வரைந்த பெரிய சுய உருவப்படம் 273 சென்டிமீட்டர் உயரம். அதில் முகத்தின் ஒரு தளம் மட்டும் கூர்மை. காதும் தோளும் மங்கல். மனிதக் கண்ணுக்கு ஒரு முகம் ஒருபோதும் இப்படித் தெரியாது. லென்ஸின் குறையை அவர் பொறுமையாகக் கையால் வரைந்து காட்டினார். முகங்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாத குறைபாடு க்ளோஸுக்கு இருந்தது. முகத்தைத் தட்டையாக்கினால்தான் அவருக்குப் பிடிபடும். இது தெரிந்த பிறகு அந்த ராட்சத முகங்கள் வேறு மாதிரி தெரிகின்றன: ஒரு முகத்தை இழந்துவிடாமல் இருக்க ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்று.

கெர்ஹார்ட் ரிக்டரின் 'பெட்டி' 1988-இல், ஒரு பழைய புகைப்படத்தை வைத்து வரைந்தது. அவர் மகள். சிவப்புப் பூப்போட்ட உடை, நம் பக்கம் இருக்கும் தோள், ஆனால் தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பது சாம்பல் நிற வெளி, ரிக்டரின் ஒற்றை நிற ஓவியங்களில் ஒன்று. கூந்தலின் ஒவ்வொரு இழையும் உடையின் ஒவ்வொரு பூவும் தரும் இந்த ஓவியம், நாம் மிகவும் கேட்பதை மட்டும் தர மறுக்கிறது. உருவப்படம் என்றால் முகம். முகமில்லாத உருவப்படத்தின் முன் நிற்கும்போது, நாம் எவ்வளவு ஆசையோடு பார்க்கிறோம் என்பது நமக்கே தெரியவருகிறது.

வீயா செல்மின்ஸ் 1977 முதல் 1982 வரை செய்த ஒரு வேலை இந்தப் பேச்சுக்கு மிகவும் நெருக்கமானது. 11 கற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் வெண்கலத்தில் வார்த்து, புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டி, அசல் கல்லின் பக்கத்திலேயே வைத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எது கல், எது வார்ப்பு என்று எளிதில் சொல்ல முடியாது. கண்டுபிடிக்க முயலும் பார்வையாளர் கல்லை இதுவரை பார்த்திராத அளவுக்குப் பார்க்கிறார். அதுதான் அந்த வேலையின் உள்ளடக்கம்.

பார்ப்பதையே நேரடியாக விஷயமாக எடுத்த ஓவியங்களும் உண்டு. அதில் முக்கியமான கேள்வி, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது. நூற்றாண்டுகளாக ஆண் ஓவியர் உடையோடு நின்று உடையில்லாத பெண்ணைப் பார்த்தார். சில்வியா ஸ்லே 1971-இல் இதைத் திருப்பிப் போட்டார். ஒரு இளைஞன் உடையின்றி முதுகைக் காட்டிச் சாய்ந்திருக்கிறான், கண்ணாடியில் வரைந்துகொண்டிருக்கும் ஸ்லே தெரிகிறார். சாய்ந்திருக்கும் விதம் பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் வீனஸ் ஓவியத்துடையது. ஆலிஸ் நீல் 1980-இல், எண்பது வயதில், தன்னையே நிர்வாணமாக வரைந்தார். கோடுபோட்ட நீல நாற்காலி, ஒரு கையில் தூரிகை, மறு கையில் துணி. உடலில் இருப்பது மூக்குக்கண்ணாடி மட்டும். எந்த அகராதியும் வேண்டாம்: எல்லாவற்றையும் கழற்றிவிட்ட பிறகும் கழற்ற முடியாதது அது, அது இல்லாமல் அவரால் பார்க்க முடியாது. இந்தக் காலத்து ஓவியத்தில் நான் பார்த்த மிக நேர்மையான குறியீடு இதுதான்.

கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் 2012-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று இதையெல்லாம் ஒரே அறைக்குள் கொண்டுவருகிறது. கறுப்பினப் பெண்கள் நிறைந்த ஒரு அழகு நிலையம், ஓவியத்தின் பெயர் 'அழகுப் பள்ளி, பண்பாட்டுப் பள்ளி'. அலபாமாவின் பர்மிங்ஹாம் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரையில் என்னவென்று புரியாத ஒரு நீண்ட மஞ்சள் வடிவம் மிதக்கிறது. ஓவியத்தின் ஓரத்துக்குப் போய்ச் சாய்ந்து பார்த்தால் அது பொன்னிறக் கூந்தலோடு ஒரு கார்ட்டூன் இளவரசியின் தலை: உறங்கும் அழகி. ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் 'தூதர்கள்' ஓவியத்தில் ஒரு மண்டையோட்டை இதே மாதிரி இழுத்து வரைந்திருந்தார். அங்கே செல்வத்துக்கும் கல்விக்கும் நடுவே மரணம் மிதந்தது. மார்ஷல் மரணம் இருந்த இடத்தில் வெள்ளை அழகின் அளவுகோலை வைக்கிறார். பெரியவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு சின்னக் குழந்தை மட்டும் எட்டிக் குனிந்து பார்க்கிறது. பின்னால் கண்ணாடியில் ஓவியர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா ஃப்ளாஷ் வெடித்து அவர் முகத்தை மறைக்கிறது. இங்கே குறியீடு வெளிப்படையாகவே இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க நம் உடலை நகர்த்த வேண்டும். நேராக நின்றால் தெரியாது. மார்ஷல் தன் மனிதர்களுக்குப் பூசும் கறுப்பும் அப்படித்தான்: தூரத்திலிருந்து ஒரே இருட்டாகத் தெரிவது, பல கறுப்பு நிறமிகளால் ஆனது என்று கிட்டத்தில் போனால் புலப்படும்.

அளவுக்கு மீறி அர்த்தம் படிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ வயத் 1948-இல் வரைந்த 'கிறிஸ்டினாவின் உலகம்': வயலில் தரையில் அமர்ந்து, தூரத்து வீட்டை நோக்கி உடலைத் திருப்பிய பெண். ஏக்கம், காதல், இழந்த இளமை என்று என்னென்னவோ படிக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்டினா ஓல்சன் வயத்தின் அண்டை வீட்டுக்காரர், நடக்க முடியாதவர், சக்கர நாற்காலியை ஏற்காமல் தவழ்ந்தே போய்வந்தவர். அப்போது அவருக்கு 55 வயது. உடலுக்கு மாடலாக உட்கார்ந்தவர் வயத்தின் இளம் மனைவி. இது தெரிந்ததும் 'ஏக்கம்' என்ற சொல் கொஞ்சம் கூசிப்போகிறது. ஆனால் தகவல் தெரியாதவர்களும் ஒன்றைப் பார்க்க முடியும்: புல்லின் ஒவ்வொரு தாளும் முட்டைக்கருவில் நிறமி குழைத்த டெம்பெரா வண்ணத்தில் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது. நடந்து போகிறவருக்குப் புல்வெளி அப்படித் தெரியாது. தரையோடு தரையாகப் போகிறவருக்குத்தான் ஒவ்வொரு தாளும் கடக்க வேண்டிய ஒன்று.

எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். 1960-களில் சோவியத் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் யார்பஸ், இல்யா ரெபினின் ஓர் ஓவியத்தைக் காட்டிப் பார்வையாளரின் கண் அசைவைப் பதிவு செய்தார். நெடுநாள் பிரிந்திருந்த ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சி. இவர்களுக்கு என்ன வயது என்று கேட்டால் கண் முகங்களுக்குப் போனது. இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டால் உடைக்கும் மேசை நாற்காலிக்கும் போனது. அவர் எவ்வளவு நாள் வெளியே இருந்தார் என்று கேட்டபோது, முகத்துக்கு முகம் தாவிக்கொண்டே இருந்தது. அதே ஆள், அதே ஓவியம். கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்ப்பது, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம் மட்டுமே. மற்றதெல்லாம் தாவித் தாவிச் சேகரிப்பது, எங்கே தாவுவது என்பதை மனதிலுள்ள கேள்வி தீர்மானிக்கிறது. 'குறியீடு எது' என்று கேட்டுக்கொண்டு போனால் கண் பொருள்களை மட்டும் பொறுக்கிவரும்.

அதனால் வேறு கேள்விகளோடு போங்கள். ஓவியர் எங்கே நின்றிருக்கிறார், அவர் கண் எந்த உயரத்தில்? எல்லாம் ஒரே இடத்திலிருந்து பார்த்ததா? எது மற்றதைவிடக் கூர்மையாக இருக்கிறது, எங்கே கை அவசரப்பட்டிருக்கிறது? வெளிச்சம் ஒரு கணத்தினுடையதா, பல நாள் கலந்ததா? உள்ளே இருப்பவர் யாரைப் பார்க்கிறார், நம்மைப் பார்க்கிறார் என்றால் எந்த அதிகாரத்தோடு? நான் இந்தக் கேள்விகளை முடித்த பிறகுதான் பக்கத்திலுள்ள குறிப்பைப் படிப்பேன். குறிப்பை முதலில் படித்துவிட்டால் அது சொன்னதை மட்டும் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஓவியர் இதையெல்லாம் நினைத்து வரைந்தாரா என்றும் கேட்பார்கள். பல நேரம் நினைத்திருக்க மாட்டார். ஃப்ராய்ட் துணியைத் துணியாகத்தான் பார்த்திருப்பார். நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை; நீங்கள் சொல்லும் அர்த்தத்துக்கு ஓவியத்துக்குள்ளேயே விரலால் தொட்டுக் காட்ட ஓர் இடம் இருந்தால் போதும். ஒட்டுக்கோடு, மங்கலான காது, திருப்பிய தலை, இப்படி ஏதாவது. அப்படிக் காட்ட முடியாத அர்த்தத்தை நான் விட்டுவிடுவேன்.

கடைசியாக ஒன்று. இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் திரையில்தான் பார்க்கிறோம். திரை முதலில் தின்றுவிடுவது அளவை. க்ளோஸின் ஆளை விழுங்கும் முகமும், ஃப்ராய்ட் 2000-01-இல் வரைந்த எலிசபெத் அரசியின் உருவப்படமும் போனில் ஒரே அளவாகத் தெரியும். அரசியின் படம் சுமார் 24-க்கு 15 சென்டிமீட்டர், ஒரு கையில் பிடித்துவிடலாம். ஓர் அரசியை அந்த அளவில், அந்த நெருக்கத்தில், வண்ணம் திட்டுத்திட்டாக ஏறிய முகத்தோடு வரைந்ததுதான் அங்கே பெரிய செய்தி. ஆகவே படத்துக்குக் கீழே போட்டிருக்கும் சென்டிமீட்டர் கணக்கை முதலில் படியுங்கள். அந்த அளவுக்கு எதிர்ச்சுவரில் கையால் ஒரு கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு திரைக்குத் திரும்புங்கள்.